பத்தாம் எண் தண்ணீர்

காஞ்சிபுரத்தில் தண்ணீரைத் தூய்மைப்படுத்துவதற்கென்று ஓர் அரசாங்க நிலையம் இருக்கிற விஷயம், எழுபத்திரண்டாம் வருஷத்து ஆடி மாதம் வரைக்கும் துரைக்கண்ணுவுக்குத் தெரியாது. தெரியாமல் இருந்த வரைக்கும் அவர் சௌக்கியமாகத்தான் இருந்தார்.

ஐயம்பேட்டைக்குப் போகிற சாலையில், டவுன் முடிகிற இடத்தில், வீட்டை ஒட்டினாற்போல அவருடைய சாயப்பட்டறை. நாட்டு ஓடு போட்ட கொட்டகை, அதற்குள் இரண்டு செம்புக் கொப்பரை, கொல்லையில் ஒரு கிணறு. தறிக்காரர்கள் பட்டு நூலைச் சிட்டம் சிட்டமாகக் கொண்டுவந்து போட்டு, விரல் நீளத்துக்கு ஒரு மாதிரி இழையையும் நீட்டி, "இந்த அரக்கு வேணும்பா" என்பார்கள். துரைக்கண்ணு அந்த இழையை வெயிலில் ஒரு தரம் பார்ப்பார், நிழலில் ஒரு தரம் பார்ப்பார். மூன்றாம் நாள் அதே அரக்கு வரும். இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கர்வம் மட்டும் உண்டு. அவர் கொப்பரையிலிருந்து கீழே கொட்டுகிற தண்ணீரில் நிறம் இருக்காது. சாயம் அவ்வளவும் நூலில் ஏறியிருக்கும். தண்ணீரில் சாயத்தை மிச்சம் விடுகிறவனை அவர் சாயக்காரன் என்றே ஒப்புக்கொள்வதில்லை. பக்கத்துப் பட்டறை சீனிவாசன் கொட்டுகிற தண்ணீர் கால்வாயில் சிவப்பாகவும் நீலமாகவும் நுரைத்துக்கொண்டு ஓடும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் துரைக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொள்வார், பெண்கள் குளிக்கிற துறையைத் தாண்டிப் போகிற மாதிரி.

அந்த ஆடியில் வீரபத்திரன் என்கிற பியூன் காக்கிச் சட்டையோடு சைக்கிளில் வந்தான். இரண்டு பட்டறைக்கும் இரண்டு நோட்டீஸ். சீனிவாசன் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு திருத்தணி போயிருந்தான். பட்டறை பூட்டிக் கிடந்தது. வீரபத்திரன் அந்த நோட்டீஸை மடித்து மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டான். துரைக்கண்ணு வீட்டில் இருந்தார். அது அவர் செய்த முதல் தப்பு.

நோட்டீஸ் இரண்டு பக்கம். சாரம் இவ்வளவுதான்: தொண்ணூறு நாளுக்குள் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் சாதனம் ஒன்றை அமைத்து நிலையத்தின் நற்சான்றிதழ் பெற வேண்டும். தவறினால் பட்டறை பூட்டி முத்திரையிடப்படும்.

"பூட்டிடுவாங்களாமா?" என்று கேட்டாள் மனைவி கமலவேணி.

"சாதனம் வெச்சா பூட்டமாட்டாங்களாம்."

"சாதனத்துக்கு எங்க போறது? பட்டணத்துலதான் விப்பாங்களா?"

அதற்குப் பட்டணம் போக வேண்டியிருக்கவில்லை. நான்காம் நாள், கமலவேணி பல் விளக்கவும் பாத்திரம் துலக்கவும் உமிக்கரி போட்டு வைத்திருந்த சட்டியில், துரைக்கண்ணுவின் கை பட்டு ஒரு சொம்பு ஊதாச் சாயம் கொட்டிவிட்டது. சட்டியின் அடியில் விரிசல். கமலவேணி வாய் நிறையத் திட்டிக்கொண்டு வந்தவள், பாதியில் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். விரிசல் வழியாகச் சொட்டின தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது.

"இன்னாய்யா இது? பல்லு வெளக்குற கரி உன் சாயத்தையெல்லாம் குடிச்சிட்டு உக்காந்துக்கினு இருக்குது!"

துரைக்கண்ணு மறுபடியும் ஊற்றினார். பச்சை ஊற்றினார், நீலம் ஊற்றினார். எல்லாம் வெள்ளையாகவே சொட்டியது. மறுநாள் அரிசி மில்லுக்குப் போனார். மில்லுக்குப் பின்னால் மலை மாதிரி உமி. "ஒரு மூட்டை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டதற்கு மில்காரர், "நெருப்பு வெச்சாலும் ஒழிய மாட்டேங்குது. முழுசா எடுத்துக்கினு போ, உனக்குப் புண்ணியமா போவும்" என்றார். உமியைக் கரியாக்கி, ஒரு பழைய தார் டிரம்மின் அடியில் ஓட்டை போட்டு, ஜல்லி, மணல், அதன்மேல் உமிக்கரி என்று அடுக்கினார். கொப்பரைத் தண்ணீரை மேலே ஊற்றினால் கீழே சொட்டும். அந்தத் தண்ணீரில் ஒரு பகல் முழுக்க வெள்ளைப் பட்டு இழை ஒன்றை ஊறப்போட்டார். சாயங்காலம் எடுத்து வெயிலில் பார்த்தார், நிழலில் பார்த்தார். இழை வெள்ளையாகவே இருந்தது. இந்தப் பரீட்சையைவிடக் கடுமையான பரீட்சை உலகத்தில் கிடையாது என்று அவர் நினைத்தார்.

நிலையம் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. ஒரே அறை. நடுவில் ஒரு இரும்பு பீரோ. பீரோவுக்கு இந்தப் பக்கம் ஊக்குவிப்புப் பிரிவு. அந்தப் பக்கம் தடுப்புப் பிரிவு. இந்தப் பக்கம் தண்ணீரைச் சுத்தம் செய்கிறவர்களைத் தட்டிக்கொடுப்பார்கள், அந்தப் பக்கம் சுத்தம் செய்யாதவர்களைப் பூட்டுவார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மின்விசிறி, ஒரே வீரபத்திரன். இந்தப் பக்கத்து நாற்காலியில் உதவி ஆய்வாளர் சிட்டிபாபு இருந்தான். எம்.எஸ்ஸி. படித்தவன். கறுப்பு பிரேம் கண்ணாடி, விறைப்பான காலர்.

"சாதனத்தோட மேக் என்ன?" என்றான், நாற்பத்தொரு கட்டங்கள் உள்ள படிவத்தை விரித்துக்கொண்டு.

"தார் டிரம்முங்க."

"உள்ளே?"

"உமிக்கரிங்க. நெல்லு உமி."

சிட்டிபாபு பேனாவை மூடினான். "உமின்னா அக்ரிகல்ச்சுரல் வேஸ்ட் ஆச்சே."

"ஆமாங்க, சும்மாவே கிடைக்குது."

இதைக் கேட்டு, பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இயக்குநர் டாக்டர் சபாபதி எழுந்து வந்தார். மேல்நாட்டில் மூன்று வருஷம் தண்ணீரைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவர். இரண்டு பிரிவுக்கும் அவர்தான் தலைவர். நாலு பேர் இருந்தாலும் நானூறு பேருக்குப் பேசுகிற பழக்கம் அவருக்கு.

"பெரியவரே, கழிவு என்பது என்ன? நீக்கப்பட வேண்டியது. நீக்கப்பட வேண்டிய ஒன்றைக் கொண்டு, நீக்கப்பட வேண்டிய இன்னொன்றை, படிக்காத ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் செலவில்லாமல் நீக்கிவிட முடியும் என்றால், இப்படி ஒரு நிலையம் எதற்கு?"

கேட்டுவிட்டு, அது கேட்டிருக்கக் கூடாத கேள்வி என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். வீரபத்திரனைப் பார்த்து, "விசிறியைக் கூட்டு" என்றார்.

அத்தோடு போயிருந்தால் துரைக்கண்ணுவும் டிரம்மைக் கவிழ்த்துவிட்டு வேறு வழி பார்த்திருப்பார். ஆனால் அடுத்த வாரமே மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மலிவான உள்நாட்டுப் பொருள்களைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் முயற்சிகளை ஊக்குவித்து, ஒவ்வொரு நிலையமும் வருஷ முடிவுக்குள் குறைந்தது ஒரு வெற்றியைக் காட்ட வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. சபாபதியின் நிலையம் ஆரம்பித்து ஐந்து வருஷமாகியும் வெற்றி என்று எதுவும் கைவசம் இல்லை. வீரபத்திரன் சைக்கிளில் பறந்து வந்தான்.

"அண்ணே, டிரம்மு இருக்குதா? தூக்கிப் போட்டுட்டியா?"

"இருக்குதுபா."

"நல்ல காலம். டைரக்டர் உன்னை 'நமது துரைக்கண்ணு'ன்னு சொல்லிக்கினு இருக்காரு."

'நமது' ஆன பிறகு வேலைகள் மும்முரமாக நடந்தன. முதலில் உமி, உமிதானா என்று தெரிய வேண்டும். ஒரு கிலோ உமியைத் துணிப்பையில் போட்டு, மூன்று இடத்தில் முத்திரை வைத்து, சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். முப்பத்தொரு நாள் கழித்து அறிக்கை வந்தது. 'அனுப்பப்பட்ட மாதிரி, உமி என்று கண்டறியப்பட்டது.' சிட்டிபாபு அதைப் படித்துவிட்டுத் துரைக்கண்ணுவின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"கங்கிராஜுலேஷன்ஸ். உமியேதான்."

"சந்தோஷங்க" என்றார் துரைக்கண்ணு. தொண்ணூறில் ஐம்பது நாள் போயிருந்தது.

அடுத்து சிட்டிபாபு பட்டறைக்கே வந்தான். டிரம்மைச் சுற்றி இரண்டு தரம் நடந்தான்.

"சுவிட்ச் எங்கே?"

"சுவிட்சு இல்லீங்க. மேல ஊத்தினா தானா கீழ வருது."

"அப்போ இதை எப்படித் திறந்து வைக்கிறது?"

"திறக்கிறதுக்கு இன்னாங்க இருக்குது? எப்பவும் திறந்துதான் கிடக்குது."

"விழான்னு ஒண்ணு நடக்கும், மிஸ்டர். டைரக்டர் வந்து எதையாவது அழுத்தணும்."

ஆகவே டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டு, அதில் ஒரு சுவிட்சும், டிரம்மின் தலையில் ஒரு பச்சை பல்பும் வைக்க உத்தரவாயிற்று. சுவிட்சைப் போட்டால் பல்பு எரியும். தண்ணீர் அது பாட்டுக்குச் சொட்டும். படிவத்தின் இருபத்தேழாவது கட்டத்தில், 'மின்சாரத்தால் இயங்குவது' என்று சிட்டிபாபு எழுதிக்கொண்டான்.

பிறகு பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தான். அதில் பத்துக் கட்டங்கள். முதல் கட்டம் வெறும் வெள்ளை. இரண்டாவதில் நிறம் இருக்கிறதா இல்லையா என்று சண்டை போடலாம். அப்படியே ஏறி ஏறிப் பத்தாவது கட்டம், உறைந்துபோன ரத்தம் மாதிரி இருந்தது. கொப்பரையிலிருந்து கொட்டின தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து அட்டையோடு வைத்துப் பார்த்தான். இரண்டு. டிரம்முக்குள் போய் வந்த தண்ணீரைப் பார்த்தான். ஒன்று.

துரைக்கண்ணுவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சிட்டிபாபுவின் முகம் தொங்கிவிட்டது.

"ஃபெயில்" என்றான்.

"இன்னாங்க? ஒண்ணாம் நம்பர்னா சுத்தம்னு அட்டையிலயே போட்டிருக்குதே!"

"தண்ணி பாஸ்தான். சாதனம்தான் ஃபெயில். ரெண்டுலேருந்து ஒண்ணு. பாதிக்குப் பாதி. ஐம்பது பர்சென்ட்தான் வருது. ரூல்ஸ்படி தொண்ணூறு வேணும்."

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

"பத்துலேருந்து ஒண்ணுக்கு வரணும். அப்போதான் தொண்ணூறு."

"பத்தாம் நம்பர் தண்ணி நம்ம பட்டறையில வராதுங்களே."

"அதான் உங்க கிட்ட இருக்கிற குறை" என்றான் சிட்டிபாபு.

இருபத்திரண்டு வருஷத் தொழிலில் அவர் தண்ணீரில் யாரும் குறை சொன்னதில்லை. துரைக்கண்ணுவுக்குக் காது சூடாகிவிட்டது. சமாளித்துக்கொண்டு, "சீனிவாசன் பட்டறையில பத்து இருக்குதுங்க. பன்னண்டுகூட இருக்கும். வேணும்னா ஒரு குடம் கேட்டு வாங்கிக்கினு வரேன்" என்றார்.

"அவருக்கு ஃபைல் கிடையாது. ஃபைல் இல்லாத தண்ணிய நாங்க தொட முடியாது. உங்க தண்ணிதான் வேணும்." குரலைத் தாழ்த்தினான். "ஒரே ஒரு நாளைக்குக் கொஞ்சம் மோசமா சாயம் போடுங்களேன், ஐயா. என் பிரமோஷனும் இதுலதான் இருக்குது."

மோசமாகச் சாயம் போடுவது எப்படி என்று துரைக்கண்ணுவுக்குத் தெரியவில்லை. மறுநாள் உண்மையாகவே முயற்சி பண்ணினார். தண்ணீரைச் சூடாக்காமல் நூலைப் போட்டார். கை தானாகப் போய் விறகைத் தள்ளியது. சிட்டங்களைத் திருப்பாமல் விடலாம் என்று திண்ணமாக இருந்தார். ஐந்து நிமிஷத்துக்கு மேல் இருக்க முடியவில்லை, கோலை எடுத்துத் திருப்பிவிட்டார். கடைசியில் வந்த தண்ணீர் மூன்றாம் எண். நூல் வழக்கம்போல நன்றாக இருந்தது.

"இதுகூட ஒனக்கு ஒழுங்கா வரலியா?" என்றாள் கமலவேணி.

கடைசியில் ஒரு டப்பா அரக்குச் சாயத்தை உடைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அப்படியே கொப்பரைத் தண்ணீரில் கொட்டினார். பத்து என்றால் அப்படி ஒரு பத்து. சிட்டிபாபு அதை ஒரு பாட்டிலில் பிடித்து, அச்சடித்த சீட்டு ஒன்றை ஒட்டினான்: 'இது என் பட்டறையில் நாள்தோறும் வெளியாகும் கழிவுநீர் என்று உறுதி கூறுகிறேன்.' பேனாவை நீட்டினான்.

"நாள்தோறும்னு இருக்குதே?"

"ஃபார்ம் அப்படித்தான் அச்சடிச்சு வந்திருக்கு."

கமலவேணி அடுப்புக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். "இல்லாத அழுக்குக்குக் கையெழுத்துப் போடுறியே, நாளைக்கு எவனாச்சும் வந்து கேட்டா இன்னா சொல்லுவ?"

"கேக்கிறவங்களே இவங்கதானே, வேணி. இவங்களே போடச் சொல்றாங்க."

கையெழுத்துப் போட்டார். பத்தாம் எண் தண்ணீரை டிரம்மில் ஊற்றினார்கள். உமிக்கரி ஒரு நிமிஷம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு, பாவம், அதையும் குடித்துவிட்டு வெள்ளையாகச் சொட்டியது. சிட்டிபாபு துள்ளிக் குதித்தான். "தொண்ணூறு!"

எண்பத்தெட்டாம் நாள் விழா. பட்டறை வாசலில் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி. பட்டறை இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் படத்தில் நன்றாக இருக்கும் என்று சிட்டிபாபு கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். கையில் இருந்த நூல் ஒன்றே ஒன்றுதான். ஓரிக்கையிலிருந்து தறிக்காரர் கலியன் தன் மகள் கல்யாணப் புடவைக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்த நூல். வாழ்நாள் பூராவும் ஊரார் கல்யாணத்துக்கு நெய்தவர், முதல் தடவையாகத் தன் வீட்டுக்கு நெய்யப் போகிறார். "அரக்குபா. மாதிரியெல்லாம் கொண்டாரலை. உனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். துரைக்கண்ணு காலையிலேயே கொப்பரையை ஏற்றி, சிட்டங்களைக் கோலில் மாட்டி இறக்கிவிட்டார். சாயம் ஏறத் தொடங்கும்போது, வெளியே வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

சபாபதி கதவுக்கு உள்ளே நின்ற டிரம்முக்குப் பக்கத்தில் போய்ச் சுவிட்சைப் போட்டார். பச்சை பல்பு எரிந்தது. எல்லோரும் பல்பைப் பார்த்துக் கைதட்டினார்கள். தண்ணீரைப் பார்த்தவள் கமலவேணி ஒருத்திதான்.

"தோழர்களே, தாய்மார்களே!" என்று ஆரம்பித்தார் சபாபதி. "ஐந்து ஆண்டுகளாக இந்த நிலையம் என்ன செய்தது என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். ஐந்து ஆண்டுகளாக நாங்கள் காத்திருந்தோம். ஒரு விஞ்ஞானிக்குத் தேவை பொறுமை. எத்தனையோ பேர் சாதனங்களோடு வந்தார்கள். அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினோம். திருப்பி அனுப்ப அனுப்பத்தான் ஆராய்ச்சி வளர்கிறது. இந்தத் துரைக்கண்ணுவையும் திருப்பி அனுப்பினோம். ஆனால் சரியான நேரத்தில், சுற்றறிக்கை கிடைத்த மறுகணமே, அவருடைய மேதைமையை நான் கண்டுபிடித்தேன். இன்று உமிக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறதென்றால் அது இந்த நிலையம் அதை உமி என்று சான்று கொடுத்ததனால்தான். நேற்றுவரை அது வெறும் உமி!"

பொன்னாடை போர்த்தினார். கண்ணாடி போட்ட நற்சான்றிதழைக் கொடுத்தார். துரைக்கண்ணு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சிட்டங்களைத் திருப்ப வேண்டிய நேரம் ஆகிவிட்டது என்று கால் பரபரத்தது.

"ஐயா, உள்ள நூலு இருக்குது. ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடுறேன்."

"இருங்கள். இன்னும் ஒன்று பாக்கி" என்றார் சபாபதி. கழுத்து மாலையைக் கழற்றி வீரபத்திரனிடம் கொடுத்தார். வீரபத்திரன் அதை வாங்கிக்கொண்டு ஒரு சிவப்புக் கோப்பை நீட்டினான். சபாபதி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். முகமும் மாறிவிட்டது.

"துரைக்கண்ணு என்பவர் நீர்தானா?"

துரைக்கண்ணு பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை. "நான்தாங்க. இப்பதானே பொன்னாடை போட்டீங்க."

"அது ஊக்குவிப்புப் பிரிவு இயக்குநர் என்ற முறையில். இப்போது நான் தடுப்புப் பிரிவு. உம்முடைய பட்டறையிலிருந்து பத்தாம் எண் கழிவுநீர் நாள்தோறும் வெளியாவதாக உம் கையெழுத்தோடு பாட்டில் வந்திருக்கிறது. ஐந்தாம் எண்ணைத் தாண்டினாலே மூட வேண்டும் என்பது விதி. எங்கள் வரலாற்றில் இப்படி ஓர் அசுத்தமான தண்ணீர் பதிவானதே இல்லை."

"ஐயா, அதைச் சுத்தம் பண்ணித்தானே வெளிய விடுறேன்! இந்தச் சர்ட்டிபிகேட்டுலயே போட்டிருக்குதே!"

"அது ஊக்குவிப்புப் பிரிவின் கோப்பு. அதைத் தடுப்புப் பிரிவு பார்க்கக் கூடாது. ரகசியம்."

"நீங்கதானே எழுதினீங்க?"

"நான் எழுதியதை நான் பார்க்கக் கூடாது என்பதில்தான், துரைக்கண்ணு, நிர்வாகத்தின் நேர்மையே இருக்கிறது."

"என் தண்ணி ரெண்டாம் நம்பருங்க. அந்தப் பத்து, நானா டப்பாவை உடைச்சு ஊத்தினது. சிட்டிபாபு சார் சொல்லித்தான் ஊத்தினேன். கேளுங்க!"

சிட்டிபாபு பந்தல் துணியை அண்ணாந்து பார்த்தான்.

சபாபதி பக்கத்தில் வந்து, ஒரு நண்பர் மாதிரி தோளில் கை வைத்தார். "யோசித்துச் சொல்லுங்கள். பொய்யான தண்ணீரைக் கொடுத்து அரசாங்க விருது வாங்கினேன் என்கிறீர்களா? அப்படியென்றால் மோசடி. போலீசுக்குப் போகும். உண்மையான தண்ணீர்தான் என்றால், வெறும் பூட்டு. எது வேண்டும்?"

துரைக்கண்ணு கமலவேணியைப் பார்த்தார். 'நான் அப்பவே சொன்னேன்' என்றுகூட அவள் சொல்லாததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"பூட்டுங்க" என்றார். "உள்ள கலியன் வீட்டு நூலு கொப்பரையில கிடக்குது. அதை மட்டும் எடுத்துக்கிறேன். கல்யாணப் பொண்ணு புடவை."

"பட்டறையில் இருக்கிற பொருள் எல்லாம் சான்று. எடுக்கக் கூடாது."

"அடுப்பையாச்சும் அணைச்சிட்டு வரேனே."

சபாபதி கோப்பைப் புரட்டினார். "எந்த நிலையில் கண்டோமோ அந்த நிலையில் பூட்ட வேண்டும்."

வீரபத்திரன் பூட்டினான். "மனசுல வெச்சுக்காதண்ணே" என்று முணுமுணுத்துக்கொண்டே மெழுகை உருக்கி முத்திரை வைத்தான். ஜீப் போனது. பந்தல்காரன் நாற்காலிகளை மடக்கி வண்டியில் ஏற்றினான். பச்சை பல்பு எரிந்துகொண்டே இருந்தது. சுவிட்சும் சான்று என்பதால் யாரும் அதை அணைக்கவில்லை.

துரைக்கண்ணு பொன்னாடையோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே கொப்பரை கொதிக்கிற சத்தம் கேட்டது. இப்போது ஒரு தரம் திருப்ப வேண்டும். இப்போது இன்னொரு தரம். கோல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது, கை எட்டுகிற தூரத்தில் இல்லை. அரை மணியில் வாடை மாறியது. பட்டு வெந்து இளகுகிற வாடை. கமலவேணிக்கும் அது தெரியும். அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

சாயங்காலம் கலியன் நூல் வாங்க வந்தார். பூட்டைப் பார்த்தார், பொன்னாடையைப் பார்த்தார். "இன்னாபா இது, ரெண்டும் ஒரே நாளிலயா?" என்றார். ஜன்னலில் முகத்தை வைத்து உள்ளே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். ஏறி மிதிக்கவில்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் துரைக்கண்ணு அன்றைக்குச் சாப்பிட்டிருப்பார்.

மறுநாள் அவர் நிலையத்துக்குப் போனார். பூட்டைத் திறக்க வழி இருக்கிறதா என்று கேட்டதற்கு, "நிச்சயமா இருக்கு" என்று சிட்டிபாபு ஒரு படிவம் கொடுத்தான். பட்டறையின் கழிவுநீர் ஐந்தாம் எண்ணுக்குக் கீழே வந்துவிட்டது என்று நிரூபிக்க வேண்டும். அதற்குப் பட்டறை ஓடும்போது மாதிரி எடுக்க வேண்டும். பட்டறை ஓட வேண்டுமென்றால் பூட்டைத் திறக்க வேண்டும்.

"அப்போ இன்னா பண்றதுங்க?"

"எழுதிப் போடுங்க. எழுதிப் போட்டா பரிசீலனை பண்ணுவோம்."

இருபது நாள் ஆயிற்று. தறிக்காரர்கள் நூலைத் தூக்கிக்கொண்டு சீனிவாசனிடம் போக ஆரம்பித்தார்கள். கால்வாயில் தண்ணீர் முன்னைவிட அடர்த்தியாக ஓடியது. சீனிவாசனே ஒருநாள் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணே, வேலை கையை மீறிப் போச்சு. உனக்குச் சம்மதம்னா நம்ம பட்டறைக்கு வந்துக்கினு இரேன்" என்றான்.

"உனக்கு மட்டும் எப்படிடா ஒண்ணும் ஆவலை?"

"நான் எந்தக் காயிதத்துலயும் கையெழுத்துப் போடலியே அண்ணே. தப்புப் பண்ணாக்கூட எழுத்துல பண்ணாதான் அவங்களுக்குத் தெரியும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றார் துரைக்கண்ணு. அந்தச் சிவப்புத் தண்ணீரில் கையை விடுவதை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது.

இருபத்தோராம் நாள் டில்லியிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு, விருது பெற்ற சாதனத்தைப் பார்க்க வந்தது. சபாபதி ஊக்குவிப்புப் பிரிவின் மாலையோடு முன்னால் நடந்தார். பூட்டிய கதவைக் காட்டி, "பாதுகாப்புக் கருதி" என்றார். ஜன்னல் வழியாக டிரம் தெரிந்தது, அதன் தலையில் பச்சை பல்பு இன்னும் எரிந்தது. குழுவின் தலைவர் பட்டறைச் சாக்கடையைக் குனிந்து பார்த்தார். அது காய்ந்து வெடித்துப் போய், எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஒரு சொட்டுக்கூடச் சாயம் வரவில்லையே!" என்று அவர் ஆச்சரியப்பட்டதைச் சிட்டிபாபு தமிழில் சொன்னான்.

"தொண்ணூறு என்று ஆரம்பித்தோம். இருபத்தொரே நாளில் நூறு சதவீதம்" என்றார் சபாபதி. சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. அவர் நம்பித்தான் சொன்னார்.

தலைவர் நெகிழ்ந்துபோய்த் துரைக்கண்ணுவின் கையைப் பற்றிக் குலுக்கினார். குலுக்கியவர், விடாமல் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். சாயக்காரர்களின் கைகளைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறாராம். தோலிலும் நகத்திலும் ஊறின நிறம் சாகிறவரைக்கும் போகாதாம். இந்தக் கை பள்ளிக்கூட வாத்தியார் கை மாதிரி அல்லவா இருக்கிறது என்று வியந்தார்.

துரைக்கண்ணுவும் குனிந்து பார்த்தார். அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. இருபது நாளாகச் சாயத்தில் கை படாததில், நகத்திலிருந்தும் தோலிலிருந்தும் அரக்கெல்லாம் போய்விட்டிருந்தது. யாருடைய கையோ மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"சிட்டிபாபு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் சபாபதி. "தொழிலாளியின் கையில்கூடக் கறை இல்லை."

சிட்டிபாபு எழுதி முடிக்கிற வரைக்கும், படம் பிடிக்கிறவருக்காகத் துரைக்கண்ணு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.